களியக்காவிளைப் பக்கம் மழலையர் பள்ளி தேடுகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் கட்டடத்தைப் பார்க்கும் முறை

நான் கட்டட வேலை சூப்பர்வைசர். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை. அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இரண்டு பக்கமும் வேலை உண்டு. முதலில் என் மகளுக்கும், பிறகு தங்கை மகனுக்கும் மழலையர் பள்ளி தேடி அலைந்தேன். அதிலிருந்து, "அண்ணே, ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்று தெருவில் யாராவது கூப்பிட்டால் போய்விடுகிறேன்.

போகிற இடத்தில் எல்லாம் ஒரே பிழையைத்தான் பார்க்கிறேன். சுவரில் வரைந்த யானையையும் ஏசி அறையையும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுவார்கள். கிணறு கண்ணில் படுவது அதற்குப் பிறகு. பணம் கட்டும்வரை நீங்கள் கேட்டதற்குப் பதில் வரும். கட்டிய பிறகு "பாத்துக்கலாம் சார்" என்பது மட்டும் வரும். அதனால் கீழே சொல்வதில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே ரசீது வாங்குவதற்கு முந்தைய வேலைகள். வரிசையையும் மாற்ற வேண்டாம்.

நம் பக்கத்துக்கு ஒரு தனிக்கதை உண்டு. இங்கே மழலையர் பள்ளிகளில் பல, வளைகுடாவில் இருக்கிறவர்கள் கட்டிப் பூட்டிப்போட்ட வீடுகள். ஐந்து பேர் குடியிருக்கக் கட்டிய வீட்டில் நாற்பது பிள்ளைகள் ஓடுகிறார்கள். வீடு நல்ல வீடுதான். நாற்பது பேருக்கு என்று யோசித்துக் கட்டியதல்ல, அவ்வளவுதான்.

1. கிளம்பும் முன்

மூன்று தடவை போக நேரம் ஒதுக்குங்கள். ஜூனில் சேர்ப்பதென்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்குங்கள். மே கடைசியில் போனால் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள், உங்களுக்கும் நிதானம் இருக்காது. பிள்ளைகள் இல்லாத பள்ளியைப் பார்த்தால் வெறும் வீட்டைப் பார்த்ததாகத்தான் ஆகும்.

கையில் ஒரு அளவு டேப், போனில் டார்ச், ஒரு துண்டுத் தாள் போதும். முதல் இரண்டு தடவை குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். சறுக்கு மரத்தைக் கண்டதும் அது இறங்க மறுக்கும். நீங்கள் அதன் பின்னால் ஓடுவீர்கள். செப்டிக் டேங்க் மூடியை யார் பார்ப்பது?

கூட இன்னொரு பெரியவர் வரட்டும். ஒருவர் பேச்சுக்கொடுக்கும்போது மற்றவர் கண்ணை ஓட்டலாம். என் மைனி இதில் கெட்டிக்காரி. பிரின்சிபாலிடம் சிலபஸ் கேட்டுக்கொண்டே நிற்பாள். நான் அதற்குள் கொல்லைப்புறம் சுற்றி வந்துவிடுவேன்.

2. முதல் நாள் உள்ளே போகாதீர்கள்

பிள்ளைகளை விடும் நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே போய், எதிரே டீக்கடை இருந்தால் அங்கே நில்லுங்கள். சொல்லாமல் போக வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு மட்டும் கேட்டில் ஆள் நிற்பார்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பள்ளியின் நாள் முழுக்க இருக்கும் காவல், விடும் நேரத்துப் பத்து நிமிடத்தில் வெளுத்துவிடும். பதினைந்து ஸ்கூட்டர், மூன்று ஆட்டோ, ஒரு வேன் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். கேட்டை விரியத் திறந்து போட்டுவிடுவார்கள். அப்போது நான்கு விஷயம் பாருங்கள்.

கேட்டில் பெரியவர் ஒருவர் அசையாமல் நிற்கிறாரா, அல்லது பை எடுக்க, தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறாரா? கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் பிள்ளைகள் காத்திருக்க இடம் உண்டா? வேன் பின்னால் எடுக்கும்போது யாராவது பின்புறம் நின்று பார்க்கிறார்களா? பிள்ளை ஒன்று தானாக வெளியே நடந்தால் எத்தனை அடி வரை யாரும் கவனிக்கவில்லை?

கேட் நேராக மெயின் ரோட்டில் திறந்தால் எனக்கு மனசு ஒப்பாது. நம் சாலைகளில் கேரளத்துக்குக் கல்லும் மண்ணும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளின் வேகம் உங்களுக்கே தெரியும். உள்பக்கம் இரண்டாவதாக ஒரு சின்ன கேட் இருந்தால் பாதிக் கவலை தீரும்: வெளிகேட் திறந்திருக்கும்போது உள்கேட் மூடியிருக்கும்.

3. கேட்டையே ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்

இரண்டாம் தடவை சொல்லிவிட்டே போங்கள். உள்ளே நுழையும்போதே கேட்டில் வேலை தொடங்குகிறது.

தாழ்ப்பாள் மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டக்கூடாது. தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறும் பிள்ளைகளும் உண்டு. கேட் அருகே நாற்காலி, பூந்தொட்டி கிடந்தால் நகர்த்தச் சொல்லுங்கள்.

தள்ளும் கேட் என்றால் இன்னும் கவனம். தண்டவாளத்தில் ஓடும் கனமான இரும்பு கேட், கடைசியில் ஸ்டாப்பர் இல்லாவிட்டால் தடம் தாண்டி அப்படியே சாயும். மேலே பிடித்து நிறுத்தும் ரோலர் தேய்ந்திருந்தாலும் சாயும். பெரியவரே தாங்க முடியாத எடை அது. தள்ளிப் பார்க்கும்போது கேட் மேல்பக்கம் தள்ளாடினால் அது என்ன என்று கேளுங்கள். "வெல்டரை வரச்சொல்லியிருக்கோம்" என்றால் அடுத்த தடவை வரும்போது பாருங்கள், வந்தாரா என்று.

கேட்டில் சாய்ந்து ஆடும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. அதனால் குறுக்குக் கம்பி வைத்த கேட்டைவிட நெடுக்குக் கம்பி மேல். கால் வைத்து ஏற முடியாது.

4. யார் வந்தால் பிள்ளையை விடுவார்கள்?

என் தங்கை மகனைச் சேர்த்த முதல் மாதம். தங்கைக்குக் காய்ச்சல் என்று நான் கூட்டிவரப் போனேன். அதுவரை அந்தப் பள்ளி என்னைப் பார்த்ததில்லை. "மாமா" என்று பையன் ஓடி வந்தான். ஆயா பையை என் கையில் கொடுத்துவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை சுலபமாக முடிந்தது. வண்டியில் பாதி வழி வந்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. பிள்ளை மாமா என்று கூப்பிட்டால் போதும் என்றால், மிட்டாய் கொடுத்து மாமா ஆக எவ்வளவு நேரம் ஆகும்?

எனவே இதை நேராகக் கேளுங்கள்: "நான் வர முடியாத அன்றைக்கு என்ன செய்வீர்கள்?" நல்ல பதிலில் மூன்று துண்டு இருக்கும். கூட்டிப்போக உரிமை உள்ளவர்களின் பெயரும் போட்டோவும் முன்பே பதிவாகியிருக்கும். புதிய ஆள் வந்தால், பள்ளியே உங்கள் பதிவு நம்பருக்குப் போன் செய்யும். நீங்கள் எடுக்காவிட்டால் பிள்ளை உள்ளேயே இருக்கும்.

நடுவில் உள்ளதைக் கவனியுங்கள். வந்தவர் தன் போனை நீட்டி "அம்மா லைன்ல இருக்காங்க" என்றால் அதை நம்பக்கூடாது. அந்தக் குரல் யாருடையதாகவும் இருக்கலாம்.

எல்லையில் மட்டும் வரும் ஒரு சிக்கல் சொல்கிறேன். பாறசாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பட்டியல் மலையாளத்தில் இருந்தது. வாச்மேன் நம் ஊர் ஆள், தமிழ் மட்டும்தான் படிப்பார். பட்டியல் சுவரில் அழகாகத் தொங்கியது, அவ்வளவுதான் பயன். கேட்டில் நிற்கிறவர் வாசிக்கும் எழுத்தில் பட்டியல் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். போட்டோ இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

ஆட்டோ, வேன் என்றால் டிரைவரும் பட்டியலில் வர வேண்டும். அவருக்கு லீவு என்றால் மாற்று ஆள் யார் என்பதும் வர வேண்டும். மச்சானை அனுப்பினேன் என்பார்கள். நல்ல மச்சானாகவே இருக்கலாம். பெயர் பட்டியலில் இருக்கட்டும்.

குடும்பத்துக்குள் வழக்கு, பிரிவு ஏதாவது இருந்தால் யாரிடம் கொடுக்கக்கூடாது என்பதைக் கூச்சப்படாமல் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாய்ச்சொல், ஆயா மாறினால் போய்விடும்.

5. சுற்றுச்சுவருக்குள்: தண்ணீரில் தொடங்குங்கள்

வகுப்பறைக்குள் அழைப்பார்கள். "முதல்ல வெளியே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துடுறோம்" என்று சொல்லுங்கள். உள்ளே போய்விட்டால் பேச்சு பாடத்துக்கு மாறி, கொல்லைப்புறம் மறந்துபோகும்.

கிணறு. நம் பக்கம் கிணறு இல்லாத விளை (தோட்டம்) ஏது? சுற்றுச்சுவர் மூன்றடிக்கு மேல் இருந்தாலும் பக்கத்தில் துவைகல், கவிழ்த்த வாளி, பழைய டயர் இருந்தால் அதுவே படி. மேலே கட்டிய நைலான் வலை இலை விழாமல் இருக்கத்தான், பிள்ளையைத் தாங்காது. பூட்டுப் போட்ட இரும்புக் கம்பி மூடி வேண்டும். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தரைத்தொட்டி, செப்டிக் டேங்க். 2025 ஜனவரியில் விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை, பள்ளி வளாகத்துச் செப்டிக் டேங்கில் விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் நான்கு வயதுக் குழந்தை, மழலையர் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. மூடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இரும்பு மூடி என்றால் ஓரத்தில் துருவைப் பாருங்கள். மேலே வண்ணம் பளபளவென்று இருக்கும், அடியில் பிஸ்கட்டாக உதிரும். ஒரு கையால் தூக்க முடிகிற மூடி பிள்ளைகளுக்கும் விளையாட்டுப் பொருள்தான். கான்கிரீட் மூடி, அல்லது பூட்டுள்ள மூடி என்றால் சரி.

வாளி. சிரிக்காதீர்கள். குப்புற விழுந்த சிறுபிள்ளைக்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். சத்தமும் வராது. கழிவறையில் தண்ணீர் பிடித்து வைத்த பெரிய டிரம் இருந்தால் மூடி போடச் சொல்லுங்கள்.

தண்ணீரை முடித்த பிறகு தலைக்கு மேலே பாருங்கள். விளையாட்டு இடத்தின் மேல் தென்னை நிற்கிறதா, கடைசியாகத் தேங்காய் வெட்டி எத்தனை நாள் ஆயிற்று? காய்ந்த மட்டை தொங்குகிறதா? பலா என்றால் காய்க்கும் மாதங்களில் அடியில் போகவே கூடாது.

மின்கம்பியும் தலைக்கு மேலேதான். 2025 ஜூலையில் கொல்லம் தேவலக்கரையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், சைக்கிள் ஷெட் கூரையில் விழுந்த செருப்பை எடுக்க ஏறித் தாழ்வாகப் போன மின்கம்பியில் அடிபட்டு இறந்தான். மழலைகள் கூரை ஏறமாட்டார்கள்தான். ஆனால் பந்து ஏறும், எடுத்துக்கொடுக்க ஆயா ஏறுவார்.

அடுத்து இடத்தின் எல்லை. மேட்டு விளையை வெட்டிச் சமன்படுத்திய இடம் என்றால் பின்னால் உயரமான மண் திட்டு நிற்கும். மண் கையாலையோ (மண் மதில்) கல்கட்டோ வெளிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தால், மழையில் சரிந்து வரும். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்யும் என்பதை மறக்க வேண்டாம். சாந்தில்லாமல் அடுக்கிய கல்லில் பாம்பும் குடியிருக்கும்.

பக்கத்து விளையில் ரப்பர் இருந்தால் பால் உறைய வைக்கும் ஆசிட் கேன் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். சில வீடுகளில் ஷீட் அடிக்கும் ரோலரும் ஆசிட்டும் அதே காம்பவுண்டுக்குள், பழைய தொழுவத்தில் கிடக்கும். வீட்டுக்காரர் வளைகுடாவில், ரப்பர் வெட்டுகிறவர் காலையில் தன் சாவியோடு வந்து போவார். பள்ளியில் யாருக்கும் அந்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. நான் பார்த்த இரண்டு இடத்தில் இது நடந்திருக்கிறது.

6. உள்ளே: மூன்றடி உயரத்திலிருந்து

வகுப்பறையில் ஒரு தடவை குந்தி உட்காருங்கள். பிரின்சிபால் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பிளக் பாயின்ட், ஜன்னல் கொக்கி, மேசை முனை, அலமாரியின் அடித்தட்டு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

பிளக் பாயின்டுகள் எட்டாத உயரத்தில், அல்லது மூடியோடு இருக்க வேண்டும். மெயின் போர்டில் இ.எல்.சி.பி. (கரண்டு கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) எங்கே என்று கேளுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். கரண்டு உடனே போக வேண்டும். போகவில்லையென்றால் அது சுவரில் இருக்கும் அலங்காரம். பழைய வீடுகளில் அது இருக்கவே இருக்காது. வைக்கச் சொன்னால் பெரிய செலவில்லை, ஒரு நாள் வேலை.

தரையில், சுவர் ஓரத்தில் ஓட்டை, வெடிப்பு இருக்கிறதா? 2019 நவம்பரில் வயநாடு சுல்தான் பத்தேரியில் வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்து ஒரு மாணவி இறந்தாள். வகுப்பறையில் ஓட்டை இருந்தது. டார்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம்தான்.

படிக்கட்டுக் கைப்பிடியில் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. டேப் வையுங்கள். உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. புது வீடுகளில் பிடித்துப்போட்ட ஸ்டீல் கைப்பிடிகள் பெரும்பாலும் குறுக்குக் கம்பிதான், ஏணி மாதிரி. மழலைகளுக்கு மாடி வகுப்பே வேண்டாம் என்பது என் கட்சி. தரைத்தளத்தில் மட்டும் நடத்துகிற பள்ளி கிடைத்தால் வேறு சில குறைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

கழிவறைக்குத் தனியாகப் போங்கள். உள்தாழ்ப்பாள் இருந்தால் பிள்ளை போட்டுக்கொண்டு எடுக்கத் தெரியாமல் அழும், கழற்றச் சொல்லுங்கள். கழிவறைச் சுவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடுகிறவர்கள், பிறகு சேர்த்த கழிவறைக்கு அரைச் செங்கல் சுவரை மண்ணில் நிறுத்திவிடுவார்கள். எங்கள் தொழிலில் நடப்பதுதான், சொல்கிறேன்.

7. வெளியே வரும் வழி

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரைவேய்ந்த சமையலறையில் பிடித்த தீ. இறங்கி வரப் போதுமான வழியில்லாத கட்டடம். அதன்பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரை பெரும்பாலும் போய்விட்டது. வழி மட்டும் இன்னும் பல இடங்களில் ஒன்றுதான்.

நம் வீடுகளுக்கு ஜன்னலெல்லாம் இரும்புக் கிரில். திருடனுக்காக வைத்தது, தீ வந்தால் நமக்கே சிறை. அதனால் ஒவ்வொரு வகுப்பறையிலும் நின்று கேளுங்கள்: "இந்தக் கதவுப் பக்கம் புகை வந்தால் எந்த வழி?" ஆசிரியை யோசித்தால் அதுவே பதில்.

பின்கதவு உண்டு என்பார்கள். நடந்து போய்த் திறக்கச் சொல்லுங்கள். பூட்டுக்குச் சாவி ஆபீஸ் மேசையில், முன்னால் நாற்காலி மூட்டை. பிள்ளைகள் ஓடிவிடக்கூடாது என்று பூட்டுகிறார்கள். அந்தப் பயமும் நியாயம்தான். இரண்டுக்கும் பொருந்துவது பெரியவர் உயரத்தில், சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள்.

தீயணைப்பான் சிவப்பாக மாட்டியிருப்பது போதாது. முள் பச்சையில் நிற்க வேண்டும், நிரப்பிய தேதி சீட்டில் இருக்க வேண்டும். ஆயாவிடம் "இதை எப்படிப் பயன்படுத்துவீங்க" என்று கேளுங்கள். முதலில் கைப்பிடியில் செருகிய பின்னை உருவ வேண்டும் என்று அவர் சொன்னால் அந்தப் பள்ளியை எனக்குப் பிடிக்கும்.

அவசர நம்பர் இரண்டு மாநிலத்திலும் 112 தான், ஆம்புலன்ஸ் 108. ஆனால் எல்லையோரத்தில் உங்கள் போன் அந்தப் பக்க டவரைப் பிடித்திருந்தால், அழைப்பு அந்த மாநிலத்துக்குப் போய்ச் சேரலாம். குழித்துறை தீயணைப்பு நிலையமோ பாறசாலையோ, எது அருகில் இருக்கிறதோ அதன் நேரடி நம்பர் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பேசும்போது முதல் வார்த்தையாக மாநிலத்தையும் ஊரையும் சொல்லவும் பழக்கியிருக்க வேண்டும்.

8. காகிதங்கள்

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் நான்கு சான்று கேளுங்கள்: தாசில்தார் தரும் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. அதோடு பள்ளிக்கான அங்கீகாரம். கேரளப் பக்கம் பள்ளி திறக்கும் முன் ஆண்டுதோறும் பஞ்சாயத்து, நகராட்சிப் பொறியாளரிடம் கட்டட ஃபிட்னஸ் சான்று வாங்க வேண்டும். அந்த ஆண்டுத் தேதியைப் பாருங்கள்.

இருக்கிறது, இல்லை என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கதவு எண்ணை ஒத்துப் பாருங்கள். வாடகை வீடு மாறியிருக்கும், சான்று பழைய வீட்டுக்கு இருக்கும். தரைத்தளத்துக்கு வாங்கியிருப்பார்கள், மாடியிலும் வகுப்பு நடக்கும். போன வருடம் மாடியில் தகர ஷீட் போட்டிருப்பார்கள். சான்று அதற்கு முந்தையதாக இருக்கும்.

ஆள் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் தந்த நெறிமுறையில் 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர் என்று உள்ளது. ஆசிரியை லீவு என்றால் ஆயா மட்டுமே வகுப்பில் நிற்பார். அப்போது கேட்டில் யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காகிதத்தைக் காட்டத் தயங்கினால் சண்டை வேண்டாம். அடுத்த பள்ளிக்குப் போங்கள்.

9. கேமரா

கேமரா இருக்கிறது என்று முதலிலேயே காட்டுவார்கள். கேட்டிலும் விளையாட்டு இடத்திலும் இருக்கிறதா, எத்தனை நாள் பதிவு நிற்கிறது, கரண்டு போனால் ஓடுமா என்று கேட்டுவிட்டு நகருங்கள். நடந்ததைப் பிறகு காட்டும் கருவி அது. பெற்றோர் எல்லாரும் போனில் பார்க்கலாம் என்று பாஸ்வேர்டைக் கொடுக்கிற பள்ளி எனக்குச் சரிப்படாது. என் பிள்ளையை யார் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

10. மூன்றாம் தடவை, மழையில்

நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் போங்கள். கோடைமழை போதும். வழவழப்பு டைல்ஸ் போட்ட முன்திண்ணையில் ஈரக்காலோடு நீங்களே நடந்து பாருங்கள். கூரை ஒழுகுவது எங்கே, சுவரில் ஈரம் ஏறிய இடத்தில் ஸ்விட்ச் இருக்கிறதா, முற்றத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது எல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். முந்தைய தடவை சரிசெய்வதாகச் சொன்னவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். வெல்டர் வந்தாரா?

குறையே இல்லாத பள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை. கிணறு, டேங்க் மூடி, இரண்டாவது வழி, கூட்டிப்போகும் பட்டியல்: இந்த நான்கும் சரியென்றால் மற்றதை எழுதிக் கொடுத்து, தேதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுவேன். நான்கில் ஒன்று தவறினாலும் கட்டமாட்டேன்.

சேர்த்த இரண்டாம் வாரம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பட்டியலில் இல்லாத சித்தப்பாவையோ மாமாவையோ பிள்ளையைக் கூட்டிவர அனுப்புங்கள். போனை மட்டும் கையில் வைத்திருங்கள். என் தங்கை மகனை வேறு பள்ளிக்கு மாற்றிய பிறகு என் மச்சினன் அப்படிப் போனான். முக்கால் மணி நேரம் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தார்கள். தங்கைக்குப் போன் போட்டு, அவளே நேரில் வந்த பிறகுதான் பையனை விட்டார்கள். வீட்டுக்கு வந்து மச்சினன் கத்தின கத்து இருக்கிறதே! அந்த ஆயாவுக்கு மறுநாள் ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்தனுப்பினோம்.